நீஸ் கடற்கரையிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போனில் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் உனக்கு அடுத்த மீட்டிங் வந்துவிடுகிறது, சொல்ல வேண்டியதெல்லாம் அப்படியே நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லாத ஒரு நேரத்தில் உட்கார்ந்து படி.

மியூனிக்கில் எங்களை விமானம் ஏற்றிவிட்டபோது உன் முகம் வாடிப்போயிருந்தது. பயப்படும்படி எதுவும் நடக்கவில்லை. இங்கே, பிரான்சின் தென்கரையில் இருக்கும் நீஸில், கடலைத் தூர்த்து ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். சக்கரம் தரையைத் தொடும் வரை ஜன்னலில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. வெளியே வந்தால் வாசலிலேயே டிராம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் அறை வந்துவிட்டது. பிரெஞ்சு தெரியாததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கடைக்குள் நுழையும்போது 'போன்ஜூர்' சொல்லிவிட்டால் போதும், முகம் மலர்ந்து கவனிக்கிறார்கள். சொல்லாமல் நேராகச் சாமான் கேட்டால்தான் முகம் சுருங்குகிறது.

கடலைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நீஸ் கரையில் மணல் கிடையாது, முழுக்கச் சாம்பல் நிறக் கூழாங்கற்கள். ஆல்ப்ஸ் மலைப் பக்கமிருந்து வரும் வார் ஆறும், ஊர் நடுவே ஓடும் பையோன் ஆறும் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிக் கொண்டுவந்த கற்கள். பையோனை ஊருக்குள் மேலே மூடிப் பூங்காவாக்கிவிட்டார்கள். அலை அரித்துப்போகும் கற்களுக்கு ஈடாக நகராட்சியே லாரியில் கல் கொண்டுவந்து கரையில் கொட்டுகிறது. அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு 'கறகற'வென்று இறங்கும் சத்தம் இருக்கிறதே, முதல் ராத்திரி அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

ஓதம் ஏறி இறங்குவதும் இங்கே மிகக் குறைவு. இத்தனை வருஷம் அறிவியல் பாடம் எடுத்தும் இதைக் கண்ணால் பார்த்தது இப்போதுதான். காலையில் துண்டு விரித்த இடத்துக்குச் சாயங்காலம் வரை தண்ணீர் வரவில்லை. ஜிப்ரால்டரில் 14 கிலோமீட்டர் அகலமே உள்ள வாசல் வழியாகத்தான் இந்த மத்தியதரைக் கடல் அட்லாண்டிக்கோடு சேர்கிறது. பெருங்கடலின் ஏற்ற இறக்கம் பெரிதாக உள்ளே வருவதில்லை. வெயிலில் ஆவியாகும் அளவுக்கு ஆற்று நீர் வந்து சேராததால் உப்பும் கூடுதல், லிட்டருக்கு ஏறக்குறைய 38 கிராம். அதனால் உடம்பு கொஞ்சம் சுலபமாக மிதக்கிறது.

அதை எனக்குக் காட்டியது ஒரு பாட்டி. எண்பது வயதுக்குக் குறையாது. காலை வெயில் ஏறும் முன்பே வந்தார். கைத்தடியைக் கற்களுக்கு நடுவில் செருகினார், தலைக்கு ரப்பர் தொப்பியை மாட்டினார், அலை தொடும் இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொண்டார். அப்புறம் இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தண்ணீருக்குள் போனார். கல்லில் காலூன்றி நடக்க அவரால் முடியாது. இங்கே கரை சட்டென்று ஆழமாகிவிடும், நாலு அடியில் தண்ணீர் அவரைத் தூக்கிக்கொண்டது. அதன் பிறகு மஞ்சள் மிதவை வரை போய்த் திரும்பினார், ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார். மறுநாள் காலையில் நானும் சுடிதாரோடு இறங்கி, அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டபடியே உட்கார்ந்து நகர்ந்து, கழுத்தளவு தண்ணீரில் இருந்துவிட்டு வந்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் நேரில்தான் சொல்ல முடியும்.

கரையை ஒட்டிச் சுமார் 7 கிலோமீட்டருக்கு நடைபாதை போகிறது. 'ஆங்கிலேயர் நடைபாதை' என்று பெயர். அதில் கடலைப் பார்த்தபடி நீல நிற நாற்காலிகள். ஒரு காலத்தில் உட்காரக் காசு வாங்கினார்களாம், இப்போது இலவசம். அப்பாவுக்கு அங்கே ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் நகர்த்த முடியவில்லை. கீழே கரையில் சில பகுதிகளைத் தனியார் எடுத்து மெத்தையும் குடையும் போட்டு வாடகை வாங்குகிறார்கள். ஆனால் கடற்கரை எல்லோருக்கும் பொது என்று 1986-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். பொதுக் கரையில் குளித்துவிட்டு வந்தால் உப்பைக் கழுவ ஷவர்கூட வைத்திருக்கிறார்கள்.

இந்த நடைபாதை வந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. 1820-களில் ஒரு கடுங்குளிர் ஆரஞ்சு மரங்களை அழித்துவிட, பிழைப்பில்லாத ஜனங்கள் ஊருக்குள் வந்து குவிந்திருக்கிறார்கள். குளிர்காலம் கழிக்க வந்திருந்த ஆங்கிலேயர்கள், லூயிஸ் வே என்ற பாதிரியார் முன்னின்று பணம் திரட்டி, கடலோரமாக ஒரு பாதை போடும் வேலையைக் கொடுத்தார்கள். அந்தச் சிறு பாதைதான் வளர்ந்து இப்படி ஆகியிருக்கிறது. அப்போது நீஸ் பிரான்சில்கூட இல்லை, 1860-இல்தான் சேர்ந்தது. அதே நடைபாதையில் 2016 ஜூலை 14 இரவு, தேசிய விழாவுக்கு வாணவேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்துக்குள் ஒருவன் லாரியை ஓட்டி 86 பேரைக் கொன்றான். அவர்கள் நினைவாக எழுப்பிய சிலைக்கு முன்னால் நாங்கள் சற்று நேரம் நின்றோம். பக்கத்திலேயே ஒரு சின்னப் பெண் சைக்கிள் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கரை முழுவதும் ஓய்வெடுக்க வந்தவர்களால் உருவானது என்பதை இங்கே வந்தபின்தான் புரிந்துகொண்டேன். கோடைக்கு இங்கே வரும் வழக்கம் 1920-களுக்கு அப்புறம்தான் பரவியது. அதற்கு முன்னால் வந்தவர்கள் வட ஐரோப்பியக் குளிருக்குத் தப்பி வந்தவர்கள், அதில் நிறையப் பேர் காசநோயாளிகள். ரயிலில் இதே கரையில் கிழக்கே இருக்கும் மான்தோன் ஊருக்குப் போனோம். அங்கே 1859-இல் ஹென்றி பென்னெட் என்ற ஆங்கில மருத்துவர் சாவதற்கென்றே வந்து சேர்ந்தாராம். நுரையீரல் போய்விட்டது, இனி தேறாது என்று அவரே முடிவு கட்டியிருந்தார். வெயிலும் கடல் காற்றும் ஓய்வும் அவரைத் தேற்றிவிட்டன. அதன் பிறகு குளிர்காலம் தோறும் வந்து இங்கேயே வைத்தியம் பார்த்தார், அவர் எழுதியதைப் படித்துவிட்டு ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வந்தார்கள்.

எல்லோரும் தேறவில்லை. மான்தோனில் பழைய கோட்டை இருந்த குன்றின் மேல் ஒரு கல்லறைத் தோட்டம், கீழே எலுமிச்சைத் தோப்பும் கடலும். ஆங்கிலேயர், ரஷ்யர், ஜெர்மானியர் என்று எத்தனையோ பெயர்கள். ரக்பி விளையாட்டோடு பெயர் சேர்ந்துபோன வெப் எல்லிஸும் அங்கேதான் இருக்கிறார். கல்லறைகளில் இருந்த பிறந்த வருஷத்தையும் இறந்த வருஷத்தையும் நான் கழித்துக் கழித்துப் பார்த்தேன். நிறையப் பேருக்கு உன் வயதுதான்.

உனக்கு நோய் எதுவும் இல்லை, தெரியும். ஆனால் உன் வீட்டில் இருந்த நாட்களில் நீ மடிக்கணினி இல்லாமல் ஒரு வேளை சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு உன் அறையில் வெளிச்சம். எங்களோடு வருவதாக இருந்த பயணத்தைக் கடைசி வாரத்தில் விட்டுக்கொடுத்தாய். "அடுத்த தடவை பாக்கலாம்மா" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. உடம்பு கெட்ட பிறகு ஓய்வு தேடி வந்தவர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். நீ நன்றாக இருக்கும்போதே இங்கே வர வேண்டும் என்பது என் ஆசை.

வந்தால் எப்படி வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம்; கூட்டமும் தாங்காது, அறை வாடகையும் தாங்காது. மே மாதத்தில் கான் திரைப்பட விழா. மொனாக்கோ கார் பந்தயம் நடக்கும் வாரத்தையும் பார்த்துத் தவிர்த்துவிடு. ஜூன் நடுவில் தண்ணீர் குளிர் விட்டிருக்கும். ரப்பர் செருப்பு கட்டாயம், வெறுங்காலில் இந்தக் கல்லில் நடக்க முடியாது. கரையில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதே. நீச்சல் தெரியும் என்ற தைரியம் எல்லாம் வேண்டாம், அலை வரும் நாளில் இந்தச் சரிவு ஆளை உள்ளே இழுத்துவிடும்.

நீஸில் மட்டும் தங்கு, ஊர் ஊராகப் பெட்டி தூக்காதே. கடலோர ரயில் எல்லா இடத்துக்கும் போகிறது. கிழக்கே போகும்போது வலது பக்கம் உட்கார். கொஞ்ச நேரத்திலேயே வில்பிரான்ஷ் வந்துவிடும், நிலையத்துக்குக் கீழேயே கரை, அங்கே இவ்வளவு பெரிய கற்கள் இல்லை. மொனாக்கோவில் இறங்கினோம், கட்டடங்களையும் கார்களையும் பார்த்தோம், அடுத்த ரயிலில் ஏறிவிட்டோம். உனக்கும் அவ்வளவு போதும்.

சாப்பாட்டுக்கு நீ கவலைப்பட்டாய். பழைய நகரில் 'சொக்கா' என்று ஒன்று. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான், முட்டை கிடையாது. அகலமான தாம்பாளத்தில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுகிறார்கள். ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று, மேலே மிளகுத் தூள் தூவி, நம் வீட்டுக் கடலைமாவு தோசைக்கு அக்கா முறை. சூடாக இருக்கும்போதே கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். வெங்காயம் பரப்பிய 'பிசலாதியேர்' பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், நெத்திலி மாதிரி ஒரு மீன் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள். கூர் சலேயா சந்தை திங்கள் தவிர மற்ற நாட்களில் காலையில் இருக்கும். தக்காளியும் அத்திப்பழமும் வாங்கி, ரொட்டியோடு கரையிலேயே சாப்பிட்டோம். அப்பாவுக்கு மோர் இல்லாததுதான் ஒரு குறை.

நீஸின் கோட்டைக் குன்றில் கோட்டை இல்லை, பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயி 1706-இல் இடித்துத் தள்ளிவிட்டார். ஆனாலும் ஏறிப் பார், லிஃப்ட் இருக்கிறது, காசில்லை. நண்பகல் 12 மணிக்கு வெடிச் சத்தம் கேட்டால் பயப்படாதே, தினமும் உண்டு.

டிக்கெட்டுக்கு என் பென்ஷன் பணம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லாதே. லீவை இப்போதே கேட்டு வை, போகிற நேரத்தில் கேட்டால் மறுபடியும் ஏதாவது வேலை குறுக்கே வரும். நாங்கள் திரும்பி வந்ததும் முதல் வேலை, உன் காலண்டரைத் திறந்து தேதி பார்ப்பதுதான். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா