எங்கள் பிட்டுப் பார்சலை வாசலில் இறக்கி வைத்தவர்களுக்கு

நீர் விளையாட்டுப் பூங்காக்களையும் ராட்டினப் பூங்காக்களையும் நடத்துகிறவர்களுக்கும், அவற்றுக்குள்ளே சாப்பாட்டுக் கடையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறிப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வருஷத்துக்கு ஒருதரம் பிள்ளைகளையும் தாய் தகப்பன்மாரையும் சேர்த்துக்கொண்டு இரண்டு பஸ்ஸில் கொழும்புப் பக்கம் சுற்றுலா போவது எங்கள் வழக்கம். வாழைச்சேனை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். மிருகக்காட்சிச்சாலை, கோயில், கடற்கரை எல்லாம் பார்ப்போம், ஆனால் பிள்ளைகளைக் கேட்டால் அவர்களுக்குச் சுற்றுலா என்றால் உங்கள் பூங்காதான். அதற்காக ஆறு மாதம் உண்டியலில் காசு சேர்க்கிற பிள்ளை எங்களிடம் உண்டு.

போன ஆகஸ்ட் விடுமுறையில் 46 பிள்ளைகளோடு வந்தோம். முதல் நாள் இரவு ஒரு மண்டபத்தில் தங்கி, விடியற்காலை நாலு மணிக்கே அம்மாமார் எழும்பி, பஸ்ஸில் கொண்டுவந்த கேஸ் அடுப்பையும் பெரிய சட்டிகளையும் இறக்கி, பிட்டு அவித்து, கட்டச் சம்பல் இடித்து, கத்தரிக்காய் பொரித்து, ஆளுக்கொரு பார்சல் கட்டினார்கள். உங்கள் வாசலில் பைகளைத் திறந்து பார்த்த பொடியன் மரியாதையாகத்தான் சொன்னார், வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோக ஏலாது அம்மா என்று. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குச் சொல்லியிருப்பதை அவர் செய்கிறார். பார்சல் எல்லாம் திரும்ப பஸ்ஸுக்குப் போனது. வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் அவை என்னவாகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கான காரணமும் சொன்னார்கள்: வெளியே சமைத்தது பழுதாகி யாருக்கும் வயிறு கெட்டால் பழி பூங்காவின் தலையில் விழுமாம். சரி, நியாயம். இதிலிருந்துதான் என் கடிதம் தொடங்குகிறது. எங்கள் சாப்பாட்டை நீங்கள் தடுத்த அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டை நீங்கள் பொறுப்பெடுத்துவிட்டீர்கள். அந்தப் பொறுப்பை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

காலையிலிருந்து தண்ணீருக்குள் கிடந்த பிள்ளைக்குப் பசி சாதாரணப் பசியாக வராது, குடலைப் பிடுங்கும். பன்னிரண்டரைக்கு எல்லாக் குடும்பமும் ஒரே நேரத்தில் கரையேறியது. ஆறு யன்னல் உள்ள கடையில் இரண்டுதான் திறந்திருந்தன. 50 நிமிஷம் வரிசையில் நின்றோம். கிடைத்த பிரைட் ரைஸ் மேலே சூடு, நடுவில் குளிர், மைக்ரோவேவில் அவசரமாக வைத்து எடுத்தது என்று வாயில் வைத்ததுமே தெரிந்தது. சிப்ஸ் ஈர மட்டை மாதிரித் தொங்கியது. கோழித் துண்டின் வெளிப்பக்கம் கறுப்பு, எலும்போரம் ரோஸ் நிறம், அதை நான் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி எறிந்தேன். மரக்கறி மட்டும் சாப்பிடுகிற இரண்டு அம்மாமாருக்கு அந்த நேரத்தில் எதுவுமே இல்லை, முட்டை போட்ட சோற்றைக் காட்டி, முட்டையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு பெட்டி 1,400 ரூபா. கல்லடியில் எனக்குத் தெரிந்த கடையில் அந்தக் காசுக்கு இரண்டு பேர் வயிறார, சுடச்சுடச் சாப்பிடலாம். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பாதிப் பெட்டியை மூடிவைத்துவிட்டு என்னிடம் வந்து, "டீச்சர், அம்மாட பிட்டு பஸ்ஸுக்குள்ளதானே கிடக்கு, எடுத்துத் தரச் சொல்லுங்களன்" என்றது. நான் என்ன பதில் சொல்வது?

எந்தப் பூங்கா என்று பெயர் எழுதவில்லை. ஒரு இடத்தைக் குத்திக்காட்டி அவமானப்படுத்துவது என் நோக்கமில்லை, அதோடு இத்தனை வருஷத்தில் மூன்று வேறு வேறு இடங்களில் இதே கதையைத்தான் கண்டேன். முதலில் இப்படி இருக்கவில்லை என்பதையும் நான் சொல்லவேண்டும். 2016இல் முதல்முதலாக வந்தபோது உள்ளே ஒருவர் தகட்டில் கொத்து ரொட்டி அடித்துக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம் கேட்டே பிள்ளைகள் ஓடிப் போனார்கள். சோறு, பருப்பு, கீரைச் சுண்டல், மீன் குழம்பு என்று ஒரு கோப்பைச் சாப்பாடும் இருந்தது. விலை வெளியைவிடக் கூட, ஆனால் யாரும் முணுமுணுக்கவில்லை, சாப்பிட்ட திருப்தி இருந்தது. அடுத்தடுத்த தடவைகளில் முதலில் கோப்பைச் சோறு போனது, அப்புறம் கொத்து போனது, இப்போது எங்கேயோ பொரித்து உறைய வைத்து வருகிறதைச் சூடாக்கிக் கொடுக்கும் கடைதான் மிச்சம்.

நடுவில் நாடு பட்ட பாடு எனக்கும் தெரியும். 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கேஸ் சிலிண்டருக்கு இரவிரவாக வரிசை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி என்கிற பெறுமதி சேர் வரி 18 சதவீதம். எண்ணெய், மா, கோழி எதுவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. அந்தக் காலத்தில் நீங்கள் அளவைக் குறைத்தீர்கள் என்றால் நான் பேசமாட்டேன், எங்கள் வீட்டிலும் குறைத்தோம். ஆனால் சோறு நடுவில் குளிர்ந்திருப்பதற்கும் டொலருக்கும் சம்பந்தமில்லை. கறுத்த எண்ணெயில் கோழி போடுவதற்கும் வற் வரிக்கும் சம்பந்தமில்லை. விலையை ஏற்றியதும் நீங்களே, தரத்தை இறக்கியதும் நீங்களே, இரண்டில் ஒன்றையாவது செய்யாமல் விட்டிருக்கலாம்.

இது ஏன் நடக்கிறது என்று நான் நிறைய யோசித்தேன். எங்கள் கல்லடிக் கடற்கரையில் பின்னேரம் தள்ளுவண்டிகள் வரும். இறால் வடை, கடலை, மரவள்ளிச் சிப்ஸ். ஓலைக்கூரையும் இல்லை, ஏசியும் இல்லை. ஆனால் வடை என் கண்முன்னே எண்ணெயில் விழுந்து என் கண்முன்னே எழும்புகிறது. இன்றைக்குப் பழுதான இறாலை அவர் போட்டால் நாளைக்கு அதே மணலில் நான் அவரைப் பிடித்துக் கேட்பேன், அது அவருக்குத் தெரியும். பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கிறது, அதுவும் அவருக்குத் தெரியும். உங்களிடம் வருகிறவர் வருஷத்துக்கு ஒருதரம் வருகிறவர். வாசலில் கையைக் கட்டிவிடுகிறீர்கள், உள்ளே வேறு கடை இல்லை, சாப்பாடு பிடிக்காவிட்டாலும் ராட்டினத்துக்காகப் பிள்ளை அடுத்த வருஷமும் அழுது கூட்டி வரும். பயப்பட உங்களுக்கு ஆளே இல்லை. அதற்கு மேல், கூடிய வாடகை தருவதாகச் சொன்னவருக்கே கடையைக் கொடுத்தால் அந்த வாடகையை அவர் எங்கிருந்து எடுப்பார்? எண்ணெயை மாற்றாமல் எடுப்பார், ஆறு யன்னலில் நாலைப் பூட்டி எடுப்பார், சமையல்காரரை நிறுத்திவிட்டு மைக்ரோவேவ் வாங்கி எடுப்பார். கடைக்காரர்களே, உங்களில் பலர் நல்லாகச் செய்ய விரும்பித்தான் வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒப்பந்தம் உங்கள் கழுத்தையும் நெரிக்கிறது என்றால் அதை நிர்வாகத்திடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நொட்ஸ் பெரி ஃபார்ம் என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அது ராட்டினத்தில் தொடங்கவில்லை. கோர்டிலியா நொட் என்ற பெண் 1934இல் எட்டுப் பேருக்குக் கோழி பொரித்து, தன் கலியாணப் பீங்கான் கோப்பைகளில் வைத்து, ஆளுக்கு 65 சதம் என்று பரிமாறியதில் தொடங்கியது. சாப்பிட வந்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது, காத்திருக்கிறவர்களுக்குப் பொழுதுபோக 1940இல் ஒரு பழங்கால ஊரைக் கட்டத் தொடங்கினார்கள், அதைச் சுற்றித்தான் பூங்கா வளர்ந்தது. சாப்பாட்டுக்கு வந்த கூட்டத்துக்காகப் பூங்கா வந்தது! எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். 1955இல் திறந்த டிஸ்னிலாண்டில் இன்றைக்கும் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம், கண்ணாடிப் போத்தலும் மதுவும் சூடாக்க வேண்டிய சாப்பாடும்தான் கூடாது. உலகத்தில் அவ்வளவு பெரிய இடத்துக்கு முடிந்தது உங்களுக்கு ஏன் முடியாது?

எண்ணெயைப் பற்றியும் சோற்றைப் பற்றியும் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், இது ருசி விஷயம் மட்டுமில்லை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அது உடைந்து புதுப்புதுச் சேர்மங்கள் உண்டாகின்றன. அவை எண்ணெயில் கால்வாசியை எட்டினால் அதைக் கொட்டிவிட வேண்டும் என்று இந்தியாவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் வரம்பு வைத்திருக்கிறார்கள். அளக்கக் கருவி இருக்கிறது. கருவி இல்லாவிட்டாலும் கண் இருக்கிறது: கறுத்து, தடித்து, நுரை தள்ளி, சட்டென்று புகைகிற எண்ணெய் முடிந்துபோன எண்ணெய். நான் அன்றைக்கு யன்னலுக்குள் பார்த்த சட்டியில் அந்த நாலும் இருந்தன.

சோறு அதைவிடப் பயம். அரிசியில் இருக்கிற ஒருவகைப் பக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. வடித்த சோற்றைச் சும்மா வெளியே வைத்தால் அவை முளைத்து நஞ்சு விடும், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால்தான் சோற்றை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திரு, இல்லையென்றால் உடனே பரப்பி ஆற்றிக் குளிரூட்டியில் வை என்கிறார்கள். காலையிலே வடித்துக் கூடையில் குவித்து வைத்து, மத்தியானம் பிரட்டி எடுப்பது பிரைட் ரைஸ் இல்லை, அது பிள்ளைகளை வைத்துச் செய்கிற சூதாட்டம். திரும்பி வரும்போது எங்கள் பஸ் பொலன்னறுவை தாண்டுவதற்குள் நாலு இடத்தில் நிற்க வேண்டி வந்தது. உங்கள் சோறுதான் காரணம் என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த இரவு, சத்தி எடுத்த பிள்ளையின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்றவள் நான்தான்.

குடிக்கிறதும் அப்படித்தான். தண்ணீர்க் குழாய் ஒன்றும் கண்ணில் படவில்லை, போத்தல் தண்ணீர் வெளியைவிட விலை, அதனால் பிள்ளைகள் எல்லாம் சிவப்பு வட்டம் போட்ட சோடாவைக் குடித்தார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அந்தச் சிவப்பு வட்டம், 2016இலிருந்து நம் நாட்டுச் சட்டம். இந்தியாவில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் திரையரங்குகளைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது: வெளிச் சாப்பாட்டைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தையின் சாப்பாட்டைத் தடுக்கக் கூடாது. அது நம் நாட்டுச் சட்டமில்லை, தெரியும். நியாயம் நியாயம்தானே, அது பாக்கு நீரிணையின் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுமா?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுங்கள், மரநிழலில் நாலு மேசை போட்டு, குப்பைத் தொட்டி வையுங்கள், எங்கள் இலையை நாங்களே பொறுக்கிப் போடுவோம், அதற்கு வேண்டுமானால் ஆளுக்கு ஐம்பது ரூபா வாங்குங்கள், நான் சந்தோஷமாகத் தருவேன். அது முடியவே முடியாது என்றால் ஒரு அடுப்பையாவது எங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எரிய விடுங்கள். பத்து வகை வேண்டாம். சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும் சம்பலும் போதும், பெரிய சட்டியில் வைத்தால் செலவும் குறைவு, மரக்கறிக்காரருக்கும் எங்கள் காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் சகோதரர்களுக்கும் நிம்மதி. 200 பேர் வருகிற குழு முன்பதிவு செய்கிறபோதே எத்தனை சாப்பாடு என்று கேட்டு எழுதினால் யாரும் காலையில் வடித்துக் குவிக்கத் தேவையில்லை. விலைப் பட்டியலை டிக்கெட் யன்னலிலேயே தொங்கவிடுங்கள். விலையைக் காட்சிக்கு வைப்பது 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி உங்கள் கடமை, உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு பார்த்து எங்களுக்கு என்ன பயன்? பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைசியாக வந்து பார்த்த திகதியையும் அதற்குப் பக்கத்தில் எழுதிப் போட்டீர்கள் என்றால் எங்கள் பாதிப் பயம் போய்விடும்.

உங்கள் நீர்ச்சறுக்கில் இறங்கும்போது எங்கள் பிள்ளைகள் போடுகிற சத்தத்தை நான் நெஞ்சில் வைத்திருக்கிறேன். தொடர்மாடியைக் கூடப் பார்த்திராத பிள்ளைகள் அந்த உயரத்திலிருந்து பயமில்லாமல் இறங்கினார்கள், உங்கள் உயிர்காப்பாளர்கள் ஒவ்வொருவரையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார்கள், அதற்கு மனமார நன்றி. அந்தக் கவனத்தில் கொஞ்சம் அடுப்படிக்கும் வரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

வருகிற ஆகஸ்டுக்கு இப்போதே பெயர் பதியத் தொடங்கிவிட்டார்கள். முன்பதிவுக்கு உங்களுக்கு நான் அழைப்பெடுக்கும்போது ராட்டினம் எத்தனை என்று கேட்கமாட்டேன். பார்சலை உள்ளே விடுவீர்களா, விடாவிட்டால் மத்தியானச் சோற்றை எத்தனை மணிக்கு வடிப்பீர்கள் என்று கேட்பேன். அதற்குப் பதில் தருகிற பூங்காவுக்கு இரண்டு பஸ்ஸும் வரும்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு அறநெறி ஆசிரியை