டிக்கெட்டை ரத்து செய்துவிடு

கல்லிடைக்குறிச்சி,
வைகாசி 4

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள். வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் எனக்கு எடுத்திருக்கும் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. இந்தக் கோடைக்கு நான் சென்னை வரவில்லை.

போனில் சொன்னால், "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு நினைத்ததையே செய்வாய். உன் அப்பாவிடமிருந்து வந்த குணம். அதனால்தான் எழுதி, வற்றல் பார்சலுக்குள் மேலாக வைத்து அனுப்புகிறேன். வற்றலை எடுக்கவாவது பிரிப்பாய் அல்லவா? 34 வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான். காரணம் இல்லாத விண்ணப்பம் செல்லாது என்பது தெரியும். ஆகவே பொறுமையாகப் படி.

அம்மா பழைய வீட்டில் ஒற்றையாய்க் கிடந்து வெயிலில் வேகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கத்திரி வெயில் கொளுத்துகிறது, இல்லை என்று சொல்லவில்லை. பகல் 12 மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நடப்பதில்லை. ஆனால் நான் வேகவில்லை. பட்டாசலில் தரையைத் துடைத்துவிட்டுப் பத்தமடைப் பாயை விரித்துப் படுத்தால், உடம்புச் சூட்டை அந்தக் கோரை வாங்கிக்கொள்கிறது. தலைமாட்டில் மண்பானை. உள்ளே வெட்டிவேர். அடியில் ஆற்று மணலைப் பரப்பி நனைத்து வைத்திருக்கிறேன். பானை கசிந்து கசிந்துதான் தண்ணீர் குளிரும். பழைய பானையின் கண் அடைத்துப்போகும் என்பதால் பங்குனி கடைசியில் புதிதாக ஒன்று வாங்கினேன். உன் வீட்டு ஏசியைக் குறை சொல்லவில்லை. ஆனால் போன வருடம் அங்கே மே மாதத்தில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு கோடை முழுவதையும் பார்க்காமலேயே திரும்பி வந்தேன். அந்தக் கோடையை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

ஒற்றையாய் என்கிறாயே, அதுவும் தப்பு. நாங்கள் நான்கு பேர்.

கணக்கு டீச்சரை உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் உன்னை முட்டி போட வைத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எதிர்வீட்டு அப்பள மதினி என்னைப் போல கணவரைப் பறிகொடுத்தவள். மூன்றாவது, கம்பவுண்டர் வீட்டு அக்கா. அவளுக்குக் கணவர் இருக்கிறார், ஆனால் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். "கோடைக்கு மட்டும் நானும் தனிக்கட்டை" என்று சொல்லிக்கொண்டு எங்களோடு சேர்ந்துவிட்டாள். ஆடி பிறந்ததும் அவர் திரும்பி வருகிறாராம். அதைச் சொல்லும்போது அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

விடியற்காலை 5 மணிக்கு நால்வரும் ஆற்றுக்குப் போகிறோம். கன்னடியன் கால்வாய் வற்றிக் கிடக்கிறது. தாமிரபரணியில் மட்டும் முழங்கால் தண்ணீர் ஓடுகிறது. உட்கார்ந்தால் கழுத்துவரை வரும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத்தான் மனம் வராது. திரும்பி வரும் வழியில், பாலத்துப் பக்கம் பதநீர்க்காரர் சைக்கிளை நிறுத்தியிருப்பார். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்துத் தருவார். அதில் பதநீரை ஊற்றி, நுங்கையும் சீவிப் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு சரியாகத் தடவியிருந்தால்தான் அது புளிக்காமல் பதநீராக நிற்கும். சுண்ணாம்பு குறைந்தால் கள். ஒருநாள் கொஞ்சம் சுள்ளென்று இருந்தது. அப்பள மதினி ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது பட்டை கேட்டாள்.

"பதநீர்" என்பதா "பதனீர்" என்பதா என்று எனக்கும் கணக்கு டீச்சருக்கும் ஆற்றங்கரையில் சண்டை. பதமான நீர், ஆகவே பதநீர் என்றேன் நான். "புளிப்பதற்குள் குடி, எழுத்தை அப்புறம் பார்க்கலாம்" என்றாள். கணக்குக்காரிகளுக்குத் தமிழ் மேல் எப்போதுமே ஓர் அலட்சியம்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன்.

அப்பா இருந்தவரைக்கும் பகல் 12.30 மணிக்குச் சுடுசோறு, குழம்பு, ரசம், இரண்டு காய். மார்கழியானாலும் சித்திரையானாலும் அதில் மாற்றம் கிடையாது. பழைய சோற்றைக் கண்டால், "வீட்டில் அரிசிக்குப் பஞ்சமா?" என்பார். அவருக்குப் புளிப்பு ஆகாது. உனக்குக் கசப்பு ஆகாது. உன் ஆச்சிக்குப் பல் இல்லாததால் எல்லாமே குழைய வேகவேண்டும். மூன்று நாக்குக்கு அளந்து அளந்து சமைத்தேன். நான்காவதாக ஒரு நாக்கு அந்த வீட்டில் இருந்ததை யாரும் கேட்கவில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை, நானே கேட்டுக்கொள்ளவில்லையே.

அப்பா போன பிறகு வந்த இரண்டு கோடைகளில் என்ன சாப்பிட்டேன் என்றே நினைவில்லை. ஒன்று துக்கத்தில் போயிற்று, இன்னொன்று உன் வீட்டில். இந்தச் சித்திரையில் ஒருநாள் கணக்கு டீச்சர் என் அடுக்களையில் நின்றுகொண்டு, "உனக்கு என்ன வேண்டும், சொல், நான் செய்கிறேன்" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. 67 வயதாகிறது, பதில் தெரியவில்லை! "எது இருக்கிறதோ அது" என்றேன். "அது என் கேள்விக்கு விடை இல்லை" என்று, பிள்ளைகளை மிரட்டும் அதே குரலில் மிரட்டினாள்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாகச் செய்து தின்று பார்த்தேன். நான் புளிப்புக்காரி என்பது தெரிந்தது. சோற்றை இரவே மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, மறுநாள் 11 மணிக்குப் பிழிந்து, கெட்டி மோர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தை நறுக்காமல் கடித்துக்கொண்டு சாப்பிடுகிறேன். தொட்டுக்கொள்ள ஒருநாள் மோர் மிளகாய், ஒருநாள் மாவடு. அப்புறம் நீராகாரத்தில் உப்புப் போட்டு ஒரு செம்பு. அதற்குப் பிறகு வரும் தூக்கத்தை உனக்குத் தபாலில் அனுப்ப முடியாது. வெல்லமே போடாத மாங்காய்ப் பச்சடி செய்கிறேன். புளித்தண்ணியும் பருப்புத் துவையலும் வாரத்துக்கு மூன்று நாள். பாகற்காய் வற்றலை எண்ணெயில் பொரித்து, கேட்பாரில்லாமல் ஒரு கிண்ணம் தின்கிறேன். இரவுக்குச் சில நாள் ஒரு மாம்பழம் மட்டும். அதைத் துண்டு போடுவதில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, முழங்கையில் சாறு வழிய, கொட்டை வெளுக்கும்வரை சப்பிவிட்டு, குழாயடியில் கை கழுவிவிட்டுப் படுத்துவிடுகிறேன். அன்று அடுப்பே கிடையாது. அடுப்புப் பற்றவைக்காத ஒரு சாயங்காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

அப்பா இல்லாததால் கிடைத்த சுகம் இது என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உனக்குப் பொய் எழுத மாட்டேன். அவர் இல்லாத குறை சாயங்காலம் 6 மணிக்கு, தார்சாவில் அந்த நாற்காலியைத் தாண்டும்போது வருகிறது. 11 மணிக்குப் பழைய சோற்றைப் பிசையும்போது வருவதில்லை. இரண்டும் இந்த ஒரே வீட்டில்தான் இருக்கின்றன, ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. நீதான் போனில் என் குரல் உற்சாகமாக இருந்தால், "அம்மா, மறைக்காதே" என்கிறாய். நான் எதை மறைக்கிறேன்?

வற்றல் போட்ட கதையைக் கேள். முதல் நாள் இரவே ஜவ்வரிசியை ஊறவைத்து, விடியற்காலை 4 மணிக்கு என் வீட்டுப் புறவாசலில் விறகடுப்பில் கூழ் காய்ச்சினோம். துடுப்பை நான்கு பேரும் மாற்றி மாற்றிப் பிடித்தோம். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். எலுமிச்சம்பழம் பிழிவது ஆறிய பிறகு. கம்பவுண்டர் அக்கா சூட்டிலேயே பிழியப் போனாள், கையைப் பிடித்துத் தடுத்தேன். மொட்டை மாடியில் விரிக்கத் துணி தேடியபோது பீரோவில் அப்பாவின் எட்டு முழ வேட்டிகள் இருந்தன. அவர் இருந்தபோது ஒருமுறை கேட்டதற்கு, "மிளகாய் நெடியோடு நான் கோயிலுக்குப் போகவா?" என்று சத்தம் போட்டார். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு இரண்டை எடுத்து நனைத்து விரித்துவிட்டேன். சலவை வேட்டியில் வற்றல் அழகாக உரிந்து வருகிறது. பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் போதும்.

காக்கைக்குக் காவலாக ஒரு கறுப்புக் குடை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது காவலுக்கு உன்னைத்தான் உட்காரவைப்பேன். காக்கை தின்றதைவிட நீ தின்றது அதிகம். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் அந்தப் பதத்துக்கு ஈடு உலகத்தில் எதுவும் இல்லை. இந்த முறை காவலுக்கு ஆளே இல்லாமல் கிழவிகள் நால்வரும் உட்கார்ந்து தின்றோம். ஒரு படி ஜவ்வரிசிக்கு வரவேண்டிய வற்றலில் பாதிதான் பார்சலில் இருக்கிறது என்றால் காரணம் அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டாஞ்சோறு. அரிசியும் பருப்பும் என்னுடையது. முருங்கைக் கீரை டீச்சர் வீட்டு மரத்தில் பறித்தது. கத்தரிக்காயும் மாங்காயும் மதினி கொண்டுவந்தாள். தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைத்தது கம்பவுண்டர் அக்கா. மிக்ஸியில் அரைத்தேன் என்று சொல்லாமல் அம்மியில் அரைத்ததாகச் சொன்னாள். நாங்களும் கண்டுகொள்ளவில்லை. இறக்கும்போது வடகம் பொரித்துக் கொட்டிய வாசனைக்கு மேலத்தெரு வரைக்கும் ஆள் எட்டிப் பார்த்தது. இரவு மாடியில் தண்ணீர் தெளித்து, நான்கு பாயை விரித்து, தாயம் ஆடினோம். கணக்கு டீச்சர் தாயத்தில் கள்ளாட்டம் ஆடுகிறாள். நேர்மைக்குப் பேர்போனவள் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. 10 மணி வாக்கில் பொதிகைப் பக்கமிருந்து காற்று இறங்கியது. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனோம்.

உன் பெரிய கவலை எனக்குத் தெரியும். இரவில் விழுந்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? அதற்கு எங்களிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆற்றுக்குப் போகாத நாளில், காலை 6 மணிக்குள் நால்வர் வாசலிலும் கோலம் விழுந்திருக்க வேண்டும். கோலம் இல்லையென்றால் மற்ற மூவரும் கதவைத் தட்டுவார்கள். சாவி ஒன்று மதினியிடம் இருக்கிறது. பங்குனியில் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள். அன்று 6.30 மணிக்கெல்லாம் மூன்று பேரும் என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள், ஒருத்தி கையில் மிளகு ரசத்தோடு. உன் பதினொன்றாவது மாடியில் நான் எழுந்திருக்கவில்லை என்பது நீங்கள் இருவரும் ஆபீஸிலிருந்து திரும்பிய பிறகுதானே தெரியும்? மருமகளைச் சொல்லவில்லை. தங்கமான பெண். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவளிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் ஏதோ குறை இருப்பதுபோல் கேட்கும்.

நீங்கள் இங்கே வாருங்கள். இப்போது வேண்டாம், பாப்பா வெயிலில் சுருண்டுவிடுவாள். ஜூன் பிறந்து மலையில் மழை விழுந்து, கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்தால் கால்வாயில் தண்ணீர் வந்துவிடும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நான்கு நாள் கிடைத்தாலும் போதும். அவளுக்கு நுங்கைக் கட்டை விரலால் நோண்டிச் சாப்பிடக் கற்றுக்கொடுக்க வேண்டும். போன வருடம் கரண்டி கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பார்சலில் கூழ் வற்றல், சுண்டைக்காய் வற்றல், மோர் மிளகாய், ஒரு சின்ன ஜாடி மாவடு, அரைக் கிலோ உடன்குடிக் கருப்பட்டி இருக்கின்றன. மாவடு ஜாடிக்குள் ஈரக் கரண்டியைப் போடாதே. மோர் மிளகாயை இன்னும் ஒருநாள் பால்கனி வெயிலில் வை, நான் அவசரப்பட்டுவிட்டேன்.

இன்னொன்று. டிக்கெட்டை ரத்து செய்த பணம் வந்ததும் என் கணக்கில் போட்டுவிடு. சாரல் தொடங்கியதும் நாங்கள் நால்வரும் குற்றாலத்துக்குப் போவதாக இருக்கிறோம், வேன் வாடகையில் என் பங்கை டீச்சர் இப்போதே கேட்கிறாள்.

அன்புடன்,
அம்மா