வீடு மாறுவோர் முதலில் அட்வான்ஸ் கணக்கைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மே மாதம் வந்தாலே எங்கள் தாம்பரம் பக்கம் தெருவுக்கு ஒரு குட்டியானை வண்டி சாமான்களோடு நிற்கும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் போய்விட வேண்டும், அது முடியாவிட்டால் ஆடி பிறப்பதற்குள்ளாவது போய்விட வேண்டும் என்று எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. வண்டி கிடைக்காது, கிடைத்தால் வாடகை கூடுதல், லோடுமேன்கள் இல்லை. வீடு மாறுவது என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் அட்டைப்பெட்டியைப் பற்றியும் லாரியைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். அதெல்லாம் கடைசி வாரத்து வேலை. வாடகை வீட்டுக் குடும்பத்தை உண்மையில் முடக்கிப்போடுவது அட்வான்ஸ் பணம், அதைப் பற்றி உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லவேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 20,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் என்றால் 2 லட்சம். அது பழைய வீட்டுக்காரரிடம் இருக்கிறது. புது வீட்டுக்காரர் சாவி கொடுக்கும் முன்பே இன்னொரு 2 லட்சம் கேட்கிறார். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. லாரி, ஏசி கழற்றி மாட்டுகிற கூலி, பால் காய்ச்சுகிற செலவு எல்லாம் தனி. பழைய பணம் எப்போது கையில் வரும் என்று கேட்டால், "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்பதுதான் ஊர் முழுக்க ஒரே பதில். நடுத்தரக் குடும்பங்கள் நகையை அடகு வைப்பது இந்த இடைவெளியில்தான்.

ஆனால் சட்டம் வேறு சொல்கிறது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தரவேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஆள் வந்தாரா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள்தான் குடியிருப்பவருக்கு. இங்கேயும் "ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால்" என்ற வார்த்தை உண்டு. அந்த ஒரு சொற்றொடர் வழியாகத்தான் எல்லாப் பணமும் போகிறது.

என் மகள் குடும்பம் வேளச்சேரியிலிருந்து கோவைக்கு மாறியபோது, வீட்டுக்காரர் பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார், மீதியை ஆள் வந்தால் தருகிறேன் என்றார். சட்டத்தைக் குறிப்பிட்டு மருமகன் ஒரு கடிதம் எழுதிய பிறகு மீதி வந்தது. பெயின்டிங் பணம் வரவே இல்லை. காரணம், கடையில் டைப் அடித்துக் கொடுத்த பதினொரு மாத ஒப்பந்தத்தில், கையெழுத்துக்கு மேலே, "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்காகக் கழிக்கப்படும்" என்று ஒரு வரி இருந்தது. சென்னையில் பாதி ஒப்பந்தங்களில் இந்த வரி இருக்கும் போலிருக்கிறது. அந்த டைப் கடைகளில் ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றித் தருகிறார்கள்.

அதனால் வீடு மாறப்போகிறவர்கள் புது வீடு பார்க்கக் கிளம்பும் முன் பழைய ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை முழுசாகப் படியுங்கள். எத்தனை மாத நோட்டீஸ், எவ்வளவு கழிப்பார்கள், எப்போது திருப்பித் தருவார்கள் என்று பாருங்கள். நோட்டீஸை வாயால் சொல்லாமல் வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ தேதியோடு கொடுங்கள். புது ஒப்பந்தம் போடும்போது அந்தப் பெயின்டிங் வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மாட்டேன் என்றால், இத்தனை வருடத்துக்கு மேல் குடியிருந்தால் கழிக்கக்கூடாது என்றாவது பேசி எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்கிற பேச்சை நம்பாதீர்கள். இந்தச் சட்டத்தில் எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும், அதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. பதிவு எண் இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்தில் உரிமை கேட்பது கஷ்டம்.

சாவி கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் மின்சார மீட்டரை போட்டோ எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். நம் ஊரில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, யூனிட் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். நடுவில் குடிவந்தவர் தலையில் முந்தையவர் ஓடவிட்ட ஏசி யூனிட்டும் சேர்ந்து விழுந்தால், இலவச யூனிட் எல்லாம் முந்தையவர் கணக்கிலேயே தீர்ந்துபோயிருக்கும். பழைய பாக்கி இருக்கிறதா என்று இணைப்பு எண்ணை வைத்துப் பார்த்துவிடலாம். ஃபேன், டியூப்லைட், கீசர் யாருடையது என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள். ஃபேனே இல்லாத வீட்டுக்குள் மே மாத ராத்திரியில் குழந்தையோடு போய் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீடு பார்க்கும்போது இரண்டு கேள்வி கட்டாயம். கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழையில் தண்ணீர் எதுவரை வந்தது. உரிமையாளரிடம் கேட்காதீர்கள், கீழ்வீட்டுக்காரரிடமும் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் கேளுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகளும் எப்படி இருந்தன என்று அந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு மறக்காது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பதையும் அவர்களே சொல்வார்கள். ஆடியில் குடிபோக மனசு வராதவர்கள் அந்த மாதத்தை வீடு பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். டூ-லெட் போர்டு அதிகம், போட்டி குறைவு, வாடகையில் கொஞ்சம் பேரம் பேச இடம் இருக்கும்.

கேஸ் சிலிண்டர் விஷயத்தில் ஒரே ஊருக்குள் மாறுகிறவர்கள் சிலிண்டரை ஒப்படைக்க வேண்டியதில்லை, இணைப்பை வேறு ஏஜென்சிக்கு மாற்றிக்கொண்டால் போதும். வேறு ஊர் போகிறவர்கள்தான் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கொடுத்துவிட்டு டெபாசிட்டையும் மாற்றுச் சீட்டையும் வாங்கிக்கொண்டு போகவேண்டும், அங்கே அந்தச் சீட்டைக் காட்டி டெபாசிட் கட்டினால் இணைப்பு கிடைக்கும். சாமான் லாரியில் சிலிண்டரை ஏற்றி அனுப்ப நினைக்காதீர்கள், ஆபத்து. ரேஷன் அட்டை முகவரி மாறத் தாமதமானால் பயப்பட வேண்டாம், 2020 அக்டோபரிலிருந்து மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் விரல்ரேகை வைத்து வாங்கலாம்.

வாக்காளர் பட்டியலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2025 டிசம்பரில் சிறப்புத் தீவிர திருத்தத்தின் வரைவுப் பட்டியல் வந்தபோது, நம் மாநிலத்தில் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அதில் 66 லட்சத்துக்கும் மேல், அந்த முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள் என்று காட்டப்பட்டவை. இவர்களில் எத்தனை பேர் என்னையும் என் மகளையும் போல வாடகை வீடு மாறியவர்களாக இருப்பார்கள் என்று அன்றைக்கு யோசித்தேன். படிவம் 8 கொடுத்தால் முகவரி மாறிவிடும், இணையத்திலேயே கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு டிசி கேட்கும்போது எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தருகிற அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு வரை, டிசி வரத் தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்க முடியாது, கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.

லாரிக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். போனில் குறைந்த ரேட் சொல்லிவிட்டு, சாமான் ஏற்றி ஊர் தாண்டியதும் மாடிக்கு இவ்வளவு, கட்டிலைக் கழற்றியதற்கு இவ்வளவு என்று கேட்டு, கொடுத்தால்தான் இறக்குவோம் என்று நிற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு தொழில் நடத்துகிறவர்களும் உண்டு. வீட்டுக்கு நேரில் வந்து சாமானைப் பார்த்து, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, ஏற்றுக்கூலி இறக்குகூலி சேர்த்தா என்று எழுதித் தருபவரிடம் மட்டும் பேசுங்கள். சாமான் பட்டியலில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, வண்டி நம்பரையும் டிரைவர் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பணத்தை முன்னாலேயே கொடுக்காதீர்கள். அதே சமயம், மூன்று மாடி பீரோவைத் தோளில் தூக்குகிற தொழிலாளிகளுக்கு மோரும் சாப்பாடும் கொடுங்கள், அவர்கள் கேட்கிற நியாயமான கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம். ரேட்டில் ஏமாற்றுகிறவர் அவர்கள் இல்லை, அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்.

ஃபிரிட்ஜை முதல் நாளே காலி செய்து அணைத்துவிடுங்கள், நிமிர்த்தியே கொண்டுபோங்கள், புது வீட்டில் சில மணி நேரம் கழித்துப் போடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் என்றால் வாங்கியபோது கழற்றிய போல்ட்டுகளைத் திரும்ப மாட்டாமல் ஏற்றாதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி சாயக்கூடாது. நகை, பத்திரம், மார்க்ஷீட், பெரியவர்களின் மாத்திரை, ஒரு வாளி, ஒரு மக், பால் காய்ச்சுகிற பாத்திரம், உப்பு, மஞ்சள், சாமி படம் எல்லாம் உங்கள் கையோடு வரட்டும்.

ஆசிரியர் அவர்களே, வாடகைப் பதிவு இணையதளத்தில் ஒப்பந்தத்தோடு சேர்த்து ஒரு பக்க ஒப்படைப்புப் படிவம் வையுங்கள் என்று அரசுக்கு உங்கள் பத்திரிகை எடுத்துச் சொல்லவேண்டும். மீட்டர் ரீடிங், வீட்டில் உள்ள பொருள்கள், அட்வான்ஸ் தொகை, அதைத் திருப்பித் தரும் தேதி, இரு தரப்புக் கையெழுத்து, இவ்வளவுதான் அதில் வேண்டும். மூன்று மாத வரம்பையும் பெயின்டிங் பொறுப்பையும் "வேறு ஒப்பந்தம்" என்று சொல்லித் தாண்ட முடியாதபடி சட்டத்தைத் திருத்தவும் வேண்டும். வாடகை அதிகாரி யார், எந்த அலுவலகத்தில் எந்த நாளில் மனு வாங்குகிறார் என்ற விவரத்தை மாவட்ட வாரியாக நீங்கள் வெளியிட்டால், இந்த மே மாதம் வீடு மாறுகிற குடும்பங்களுக்கே பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்குத் தாம்பரம்