ஆசிரியர் பயிற்சிக்கு இன்னும் ரூ.74,000 தேவை

ஊர்ப் பெரியோர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் பள்ளி வளர்ச்சிக் குழுவின் வணக்கம்.

1958-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கியபோது, ஊர் ஊராக மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் தாத்தாக்கள் நெல் மூட்டைகளை விற்று இரண்டு வகுப்பறைகளையே கட்டிக்கொடுத்தார்கள். வேப்பமரத்தடி ஓட்டுக் கட்டடம் அவர்கள் வியர்வை. அந்தப் பெருமையைச் சொல்லித்தான் இப்போதும் கையேந்துகிறோம், இந்த முறை நம் ஆசிரியர்களின் பயிற்சிக்காக.

ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை. யார் என்று கேட்க வேண்டாம். வாசிக்கச் சொன்னால் நோட்டைக் கிழிப்பான், பெஞ்சை உதைப்பான். உடனே வெளியே நிறுத்துவார்கள். எழுத்துக் கூட்டவே அவனுக்கு வராது என்பது பிறகுதான் தெரிந்தது. வாசிக்காமல் தப்பிக்க அவன் கண்ட வழி அது. வெளியே அனுப்பி நாமே அதைப் பழக்கிவிட்டோம். அவன் ரகளை செய்வதற்கு முன் என்ன நடந்தது, பின் அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஆசிரியர் குறித்துவைத்தாலே பாதி புரிந்துவிடும். அதன் பிறகு அவனை எப்படி வாசிக்க வைப்பது என்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அடுத்து என்ன செய்வார்?

கற்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்பாசிரியர் ஒருவரும் உளவியலாளர் ஒருவரும் மே மாதம் ஐந்து நாள் பயிற்சி தர இசைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஊதியம் ரூ.80,000. உணவு, தங்குமிடம், கையேடு ரூ.34,000. பிறகு எட்டு மாதம், மாதம் ஒருமுறை வகுப்பறைக்கே வந்து வழிகாட்ட ரூ.72,000. ஆக மொத்தம் ரூ.1,86,000. கையில் இருப்பது ரூ.1,12,000. ஏப்ரல் 25-க்குள் மீதி சேராவிட்டால் அந்த நாட்களை வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இதுவரை கொடுத்தவர்களை வணங்குகிறோம். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து அனுப்பிய ரூ.35,000-தான் முதல் வரவு. மகளிர் குழுவினர் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். பேருந்து நிறுத்த டீக்கடைக்காரர் ஒரு நாள் வியாபாரத்தை அப்படியே கொடுத்தார். அவர் பிள்ளைகள் படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. சத்துணவு அம்மா கொடுத்த ஐந்நூறு ரூபாயை வாங்க எங்களுக்குக் கை வரவில்லை, வற்புறுத்திக் கொடுத்தார்.

மாரியம்மன் அருளால் திருவிழா குறைவின்றி நடந்தது. வாணவேடிக்கைக்கு ஒரே இரவில் வசூலான தொகை இந்தப் பற்றாக்குறையைவிட அதிகம். இந்தப் பள்ளியில் படித்து நல்ல நிலையில் இருக்கும் பலர் பெயர் நம் ஏட்டில் இன்னும் ஏறவில்லை. அவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

தலைமையாசிரியர் அறையிலோ குழுப் பொருளாளரிடமோ பணம் செலுத்தலாம். வரவு செலவுக் கணக்கு ஜூன் மாதக் கூட்டத்தில் வாசிக்கப்படும். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.