செயலாளரின் 2024ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடி, சித்திரைப் புத்தாண்டு, நவராத்திரி ஆகியவை வழக்கம்போல் சிறப்புற நடந்தேறின.

முதுகுவலியால் அவதிப்படுவோர் சிகிச்சையைத் தாமே தெரிந்து தேர்ந்துகொள்ள உதவும் ஞாயிறு சந்திப்புகளை இவ்வாண்டு ரோஸ் ஹில்லில் தொடங்கினோம். கரும்புத் தோட்டத்திலோ தையல் ஆலையிலோ முதுகு வளைய உழைத்தவர் இல்லாத வீடு மொரீஷியசில் நம்மிடையே அரிது. ஆயினும் ஸ்கேனில் தேய்மானம் என்று சொன்னவுடன் வேறு கேள்வியின்றித் தலையாட்டிவிடுகிறோம். வயது முதிர்ந்த உறுப்பினர் ஒருவர் தம் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அச்சொல்லைச் சிவப்பு மையால் கோடிட்டு, தனியார் மருத்துவமனை தந்த அறுவைச் செலவு மதிப்பீட்டையும் அதனுடன் இணைத்துக் கொண்டுவந்தார். வலியே இல்லாதவர்களிலும், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் தேய்மானம் படத்தில் தெரிவதாக 2015இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுவதை, சந்திப்புக்கு வந்த இயன்முறை மருத்துவர் அவருக்கு விளக்கினார். அறுவையால் என்ன பயன், என்ன ஆபத்து, மாற்று வழி உண்டா, சில மாதம் பொறுத்தால் என்னவாகும் என்று கேட்டறிந்த அவர், கட்டணமில்லாத அரசு மருத்துவமனையில் முதுகுக்கான உடற்பயிற்சியைத் தொடங்கியுள்ளார். பின்னர் அறுவையே வேண்டுமென்றாலும் அது அவர் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

இக்கேள்விகளை அட்டையாக அச்சிட்டோம். நாட்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சியையும் நோயாளிக்கான விளக்கக் கல்வியையும் பரிந்துரைத்து, இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாமென உலக சுகாதார நிறுவனம் 2023இல் கூறியதும் அதில் உள்ளது. சிறுநீர் அடக்க முடியாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் பொறுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் பின்பக்கம் அச்சிட்டுள்ளோம்.

பொதுக்கூட்டத்தில் இப்பணிக்குக் கை உயர்த்திய செயற்குழுவினருள் பலர் ஒரு ஞாயிறும் வரவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். நாற்காலிகளை அடுக்கியதும் நோயாளிகளை வீட்டில் கொண்டுவிட்டதும் பெரும்பாலும் மகளிர் அணியினரே.

செலவு வரவைச் சற்று விஞ்சியது. விவரத்தைப் பொருளாளர் தாக்கல் செய்வார். பாதிக்கு மேற்பட்டோரின் சந்தா நிலுவையிலுள்ளது. இயன்முறை மருத்துவருக்கும் மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்தினருக்கும் நன்றி.

அட்டைகள் தீர்ந்துவிட்டன. பிற ஊர்களிலிருந்தும் கேட்கிறார்கள். தைப்பூசத்திற்குள் நிலுவை வந்து சேருமாயின் மறுபதிப்பும் கிரியோல் மொழிப் பதிப்பும் வெளிவரும். கையிருப்புப் பணம் ஒரு சந்திப்புக்கே போதும்.

செயலாளர்