பழவேற்காடு ஏரி: பழி மீனவர் தலையிலா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், சென்னைக்கு வடக்கே தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாகப் பரந்து கிடக்கும் எங்கள் பழவேற்காடு ஏரியைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். பூநாரைப் படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், ஏரி சீரழிய முக்கியக் காரணம் மீனவர்களிடம் விழிப்புணர்வு இல்லாததுதான் என்று ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஏரிக்கரையில் பிறந்து, அப்பாவோடு வலை இழுத்து வளர்ந்தவன் நான். இப்போது ஆரம்பாக்கத்தில் வலைக்கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு எங்களுடையது, அந்த உரிமையில் கேட்கிறேன்: இதை எந்த மீனவரிடம் விசாரித்துவிட்டு எழுதினீர்கள்?

எங்கள் ஏரியில் பாடு முறை இருப்பது தாங்கள் அறியாததல்ல. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைக்கிறது; இன்றைக்கு உன் பாடு என்றால் நாளைக்கு என் பாடு. ஒருத்தரே வாரிக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு, எந்த அதிகாரியும் வந்து சொல்லிக்கொடுத்ததில்லை. தமிழ்நாட்டுப் பகுதியை 1980-ல்தான் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே பூநாரை எங்கள் வலைக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தது, யாரும் கல்லெடுத்து எறியவில்லை.

சரி, சட்டத்தையே பார்ப்போம். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சில்கா, பழவேற்காடு என்று இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லி, கரையிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் மாமா வீடு ஏரியின் ஆந்திரப் பக்கத்தில், தடா அருகே. அவர்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஓடையில் பண்ணைக் குட்டையைத் திறந்துவிட்டால் பச்சையாக நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வரும், அடுத்த நாள் ஓடைச் சேற்றைக் காலால் கிளறினால் கரேல் என்று அழுகிய முட்டை நாற்றம். அதே சேற்றில்தான் இருளர் பெண்கள் பறி என்கிற மீன்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். உடம்பெல்லாம் அரிப்பு என்று சொன்னார்கள். மனு எழுதிக்கொண்டு போனேன். தமிழ்நாட்டுப் பக்க அலுவலகத்தில், பண்ணை ஆந்திராவில் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். அந்தப் பக்கம் போனால், உங்கள் ஊர் தமிழ்நாடு, உங்கள் கலெக்டரிடமிருந்து கடிதம் வாங்கிவாருங்கள் என்று தெலுங்கில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். விழிப்புணர்வு இல்லாதவன் இப்படி இரண்டு மாநிலத்துக்கும் அலைவானா ஐயா?

அப்புறம் ஆறு. கட்டுரை முழுக்க ஏரி ஏரி என்றே இருக்கிறது, ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆந்திர மலையில் பிறந்து பிச்சாட்டூர் அணை, ஊத்துக்கோட்டை, பொன்னேரி என்று வருகிற ஆரணி ஆறும், அந்தப் பக்கமிருந்து வருகிற காளங்கியும் மழைக்காலத்தில் தள்ளுகிற தண்ணீர்தான், ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்து மணலை அடித்துக்கொண்டு கடலுக்குப் போக வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மணல் மேடிட்டு வாய் அடைத்துக்கொள்கிறது. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு அந்த வாய் வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளர வேண்டும். வாய் அடைத்துவிட்டால் குஞ்சு எங்கே வரும்? சராசரி ஆழம் ஒரு மீட்டர்கூடத் தேறாத ஏரி இது. கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறி, வடக்குப் பக்கம் பாளம் பாளமாக வெடிக்கிறது. தலையைக் கவிழ்த்து அலகால் தண்ணீரை அலசி இரை எடுக்கிற பூநாரைக்கும் முழங்கால் அளவுத் தண்ணீராவது வேண்டாமா? இது எங்கள் வலை செய்த வேலை இல்லை.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு, ஏரிக்குத் தெற்கே இருக்கிற எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்கள் இறக்கையெல்லாம் கறுத்து உட்கார்ந்திருந்ததை நீங்களே படம் போட்டீர்கள். அந்த எண்ணெயை வாளியில் மொண்டு எடுத்தது மீனவர்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தபோது ஏரி போய்விடும் என்று தெருவில் வந்து உட்கார்ந்ததும் மீனவர்கள்தான், பெண்கள் குழந்தைகளோடு. இதெல்லாம் உங்கள் பக்கங்களில் வந்த செய்திகள். அதே பத்திரிகையில் இப்படி ஒரு வரி வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு பத்திரிகை என்றால் பேசாமல் இருந்திருப்பேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், அதே ஞாயிறு இணைப்பில். அப்புறம், முகத்துவாரத்தை ஐப்பசி மழையில் ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். நிருபரை அனுப்பினால் படகுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆரம்பாக்கம்.