அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்மஸ் பரிசுகளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. பள்ளி திறந்ததும் விடைத்தாள்கள் வீட்டுக்கு வரும். பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. உழைத்த எல்லோருக்கும் பாராட்டு. பள்ளி திறக்கும் தேதி டைரியில் இருக்கிறது.

இனி கிறிஸ்மஸ் விழாவைப் பற்றி. பாட்டும் நாடகமும் அருமையாக இருந்தன என்று பலர் சொன்னீர்கள், மகிழ்ச்சி. ஆனால் விழாவுக்குப் பிறகு வகுப்பறைகளில் நடந்த பரிசுப் பரிமாற்றம் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

கிறிஸ்மஸுக்கு முந்தைய ஆயத்த நாட்களான திருவருகைக் காலம் தொடங்கும்போது பிள்ளைகள் சீட்டு எடுத்து 'கிறிஸ்மா, கிறிஸ் சைல்ட்' விளையாடுவது உங்களுக்குத் தெரியும். யார் பெயர் வந்ததோ அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்க வேண்டும், தெரியாமல் சின்னச் சின்ன உதவிகள் செய்ய வேண்டும், விழா அன்று ஒரு சிறு பரிசு கொடுக்க வேண்டும். பரிசு 50 ரூபாய்க்குள் இருக்கட்டும் என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தோம். வந்தவற்றில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தது, ரிமோட் கார் இருந்தது, பிள்ளையைவிடப் பெரிய கரடி பொம்மை இருந்தது. அதே வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு பேனாவையும் கடலை மிட்டாயையும் செய்தித்தாளில் அழகாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தது. பிரித்தவுடன் "இவ்வளவுதானா?" என்று ஒரு குரல், அப்புறம் சிரிப்பு. கொடுத்த பிள்ளை மதியம் சாப்பிடவில்லை. அன்று வராத சிலருக்கு வயிற்றுவலி என்று விடுப்புக் கடிதம் வந்தது. மெதுவாக விசாரித்தபோது, பரிசு வாங்க வழியில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. எந்த வகுப்பு, எந்தப் பிள்ளை என்று சொல்ல மாட்டேன். நீங்களும் விசாரிக்க வேண்டாம்.

விலை கூடின பரிசு வாங்கிய யாரும் கெட்ட எண்ணத்தோடு வாங்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை அடம்பிடிக்கும், நம் வீட்டிலிருந்து போவது குறைச்சலாகத் தெரியக்கூடாதே என்று நமக்கும் தோன்றும். அது அன்பில் வருவதுதான். ஆனாலும் இது கிறிஸ்து பிறப்பு விழா. அதன் உள்ளே இருக்கும் செய்திக்கு நேர் எதிரான ஒன்று அன்று நம் வகுப்பறையில் நடந்துவிட்டது.

கிறிஸ்தவ விசுவாசத்தில் கிறிஸ்மஸ் என்பது கடவுள் மனிதனாக இறங்கி வந்ததைக் கொண்டாடுவது. மேலே இருந்துகொண்டே உதவி அனுப்பாமல், அவரே வந்து நம் நடுவில் ஒரு குழந்தையாகப் பிறந்தார் என்று நம்புகிறோம். பிறந்த இடம் அரண்மனை இல்லை. சத்திரத்தில் இடமில்லாததால் மாட்டுக்குத் தீனி வைக்கும் முன்னணையில் கிடத்தினார்கள். செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது இராத்திரியில் ஆட்டுமந்தைக்குக் காவல் இருந்த மேய்ப்பர்களுக்கு. அவர்கள் கையில் பரிசு எதுவும் இருந்ததாக, இயேசுவின் பிறப்பை நற்செய்தி நூலில் எழுதிய லூக்கா சொல்லவில்லை. ஓடி வந்து பார்த்தார்கள், கடவுளைப் புகழ்ந்துகொண்டு திரும்பினார்கள்.

லூக்கா நூலின் அதே அதிகாரத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. நாடகங்களில் அது வருவதே இல்லை, எனக்கோ அதுதான் மிகவும் பிடித்தது. பிள்ளை பெற்ற தாய், சுத்திகரிப்பு நாட்கள் முடிந்ததும் ஆலயத்தில் ஓர் ஆட்டுக்குட்டியையும் ஒரு புறாவையும் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்பது யூதர்கள் பின்பற்றிய மோசேயின் சட்டம். ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவர்கள் இரண்டு புறாக்களைக் கொடுக்கலாம் என்று பைபிளில் லேவியராகமம் என்ற நூலின் 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. மரியாளும் யோசேப்பும் எருசலேமுக்குக் கொண்டுபோன காணிக்கையாக லூக்கா சொல்வது அந்த இரண்டு புறாக்களைத்தான். இயேசுவின் குடும்பம் ஆட்டுக்குட்டி வாங்க முடியாதவர்களின் வரிசையில் நின்றது. செய்தித்தாளில் சுற்றிய பேனாவோடு வந்த நம் பிள்ளையும் அதே வரிசையில்தான் நின்றது. அந்த வரிசையைப் பார்த்துச் சிரித்தால் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு தந்தை என்னிடம் கேட்டார்: "குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளான சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினும் கொண்டுவந்தார்களே, அது விலை உயர்ந்ததில்லையா?" நியாயமான கேள்வி. ஆமாம், விலை உயர்ந்ததுதான். ஆனால் திருப்பித் தர எதுவும் இல்லாத ஏழைக் குழந்தையின் முன்னால் தரையில் விழுந்து வணங்கித்தான் அவர்கள் அதைக் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் என்ன கொண்டுவந்தார் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலாவின் கதையும் இப்படித்தான். இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா நகரத்தில் 4-ஆம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் அவர். மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க வழியில்லாத ஒரு வீட்டுக்குள், இராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொன் முடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனார் என்பது மரபு வழிக் கதை. வாங்கியவர்கள் யார் முன்பும் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை.

எனவே சில முடிவுகளை எடுத்திருக்கிறோம். அடுத்த ஆண்டிலிருந்து கடையில் வாங்கிய பரிசு எதுவும் வகுப்புக்குள் வரக்கூடாது. பிள்ளை தன் கையால் செய்த வாழ்த்து அட்டை, வரைந்த படம், எழுதிய கடிதம், இவை மட்டும் போதும். மீறி வரும் பொருளை அலுவலகத்தில் வாங்கி வைத்து உங்களிடமே திருப்பித் தருவோம். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. ஆசிரியர்களுக்கும் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாருக்கு என்ன கிடைத்தது, என்ன விலை என்று படம் போட்டுப் பேசியது மிகவும் வருத்தம் தந்தது. அந்தக் குழு வீட்டுப்பாடத்துக்காக இருக்கிறது. இந்தப் பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும்.

கூடுதலாகச் செலவு செய்ய மனமும் வசதியும் உள்ளவர்களைத் தடுக்க விரும்பவில்லை. அலுவலக வாசலில் ஒரு பெட்டி வைக்கப்படும். பெயர் எழுதாமல் அதில் போடுங்கள். சீருடையும் நோட்டுப் புத்தகமும் தேவைப்படும் பிள்ளைகளுக்கு, யார் கொடுத்தது என்று தெரியாமலே அது போய்ச் சேரும்.

கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் நல்ல மனதை அறிந்துதான் இவ்வளவு திறந்து எழுதுகிறேன். குடில் அமைக்க வைக்கோலும் ஓலையும் கொண்டுவந்து, வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கட்டிக் கொடுத்த அப்பாக்களுக்கு நன்றி. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ், வைக்கோலும் மாடும் கழுதையுமாகப் பெத்லகேம் காட்சியை மக்கள் கண்ணால் பார்க்கும்படி அமைத்தார். குழந்தை இயேசு பட்ட குறைவுகளை அவர்கள் நேரில் உணர வேண்டும் என்பது அவருடைய ஆசை. தெர்மாகோலும் சீரியல் விளக்கும் அதிகம் இல்லாத நம் குடிலைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது. தேவதூதர்களின் வெள்ளை உடைகளை இரவோடு இரவாகத் தைத்துத் தந்த அம்மாக்களுக்கும் நன்றி. அவர்களில் பாதிப் பேர் இந்து, முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். தீபாவளிக்கு அதிரசமும் ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சியும் நம் ஆசிரியர்களின் வீடுகளுக்கு வருகின்றன. இந்த 25-ஆம் தேதி எங்கள் முறை. முறுக்கும் கேக்கும் வரும், வாங்கிக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் பிள்ளைகளைக் குளம், கிணறு பக்கம் தனியே அனுப்ப வேண்டாம். அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகளும் புத்தாண்டு வாழ்த்துகளும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்